பாங்காக் கடைத்தெருக்களை நேரம் பார்த்துச் சுற்றுவது எப்படி?

பாங்காக்குக்கு முதல்முறை போகிறவர்கள் கையில் இடப்பட்டியலோடுதான் விமானம் ஏறுகிறார்கள்: சாத்துசாக், ப்ராத்துனாம், எம்.பி.கே., ஐகான் சியாம். அந்தப் பட்டியலில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது நேரம். சாத்துசாக் வார இறுதிச் சந்தையின் துணிக்கடைகளுக்குச் செவ்வாய்க்கிழமை போனால் இறக்கிய ஷட்டர்களைத்தான் பார்க்கலாம். சாம்பெங் சந்துக்கு மாலை ஆறு மணிக்குப் போனால் கடைக்காரர்கள் சரக்கைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். பூச்சந்தைக்கு மதியம் போனால் வெயில்தான் மிச்சம். இந்த ஊரில் ஒவ்வொரு சந்தைக்கும் உரிய வேளை ஒன்று உண்டு. அந்த வேளையைப் பிடித்துவிட்டால் கூட்டமும் வெயிலும் விலையும் உங்கள் பக்கம் சாயும். இந்தக் கட்டுரையை அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன்.

முதலில் நாட்களை அடுக்குங்கள்

பயணத் தேதி உங்கள் கையில் இருந்தால், நடுவில் ஒரு சனி அல்லது ஞாயிறு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சாத்துசாக்கின் முழு உருவம் அந்த இரண்டு நாட்களில்தான் தெரியும். தலிங் சான், க்ளொங் லாத் மயோம் போன்ற நகருக்குள்ளேயே இருக்கும் மிதக்கும் சந்தைகளும் வார இறுதிச் சந்தைகளே. திங்கட்கிழமையை மால்களுக்கு ஒதுக்குங்கள். நடைபாதைக் கடைகள் பலவும் அன்று விடுமுறையில் இருக்கும். மால்கள் எல்லா நாளும் திறந்திருக்கும், பெரும்பாலும் காலை பத்து முதல் இரவு பத்து வரை.

மாதமும் முக்கியம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்க இதமாக இருக்கும். ஏப்ரலில் சென்னை வெயிலுக்குப் பழகியவர்களுக்கே தலை கிறுகிறுக்கும். மே முதல் அக்டோபர் வரை மாலை மழை சட்டென்று பிடித்துக்கொள்ளும். தெருவில் தண்ணீர் நிற்கும். அந்த மாதங்களில் திறந்தவெளிச் சந்தையைக் காலையிலும் மாலை நேரத்தை மாலிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, சந்தைகளில் ரொக்கம்தான் ராஜா. சிறு கடைகளில் கியூஆர் அட்டை தொங்கும், ஆனால் அவற்றில் பலவும் தாய்லாந்து வங்கிக் கணக்குக்கானவை. விமான நிலையத்தில் வருகைக் கூடத்திலேயே இருக்கும் மாற்று முகப்புகளில் நிறைய மாற்றாதீர்கள். சுவர்ணபூமியில் ரயில் ஏறும் கீழ்த்தளத்துக்கு இறங்கினால் அங்குள்ள முகப்புகளில் விலை நன்றாக இருக்கும். ரூபாயைவிட டாலருக்கு நல்ல விலை கிடைக்கும். அதிலும் கசங்காத 100 டாலர் தாளுக்கு. மாற்றப் போகும்போது பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். வெளிநாட்டு அட்டையை ஏடிஎம்மில் போட்டால் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு (பாட் தாய்லாந்தின் நாணயம்) மேல் கட்டணம் பிடிப்பார்கள். ஆகவே அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டாம். 20, 50, 100 பாட் தாள்கள் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலைக் கடையில் ஆயிரம் பாட் தாளை நீட்டினால் சில்லறைக்கு அலைய வேண்டியிருக்கும்.

தரையை விட்டு மேலேயும் கீழேயும் போங்கள்

பாங்காக்கின் சாலை நெரிசலில் டாக்சியில் உட்கார்ந்தால் அரை நாள் கரைந்துவிடும். 1999இல் தொடங்கிய பி.டி.எஸ். மேல்ரயிலும், 2004இல் தொடங்கிய எம்.ஆர்.டி. சுரங்கரயிலும் இந்தக் கட்டுரையில் வரும் இடங்களில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் கொண்டுபோய் விடும். இரண்டும் தனித்தனி நிறுவனங்கள், தனித்தனிச் சீட்டு. மேல்ரயிலுக்கு ராபிட் அட்டை வாங்கிக்கொள்ளலாம்; சுரங்கரயிலில் வங்கி அட்டையையே கதவில் தட்டிவிட்டுப் போகலாம்.

பலரும் தவறவிடும் வழி சேன் சேப் கால்வாய்ப் படகு. பழைய நகரிலிருந்து ப்ராத்துனாம் வரைக்கும், அதைத் தாண்டிக் கிழக்கேயும் நெரிசலே இல்லாமல் பறக்கும். படகு துறையில் சில விநாடிகள்தான் நிற்கும். கயிற்றைப் பிடித்துச் சட்டென்று ஏறி உட்கார்ந்துவிட வேண்டும். ஓரத்தில் ஓடும் நடத்துநரிடம் சில்லறை கொடுத்தால் போதும். கால்வாய்த் தண்ணீர் சுத்தமானதல்ல, அதனால் தெறிக்கும்போது ஓரத் திரையை இழுத்துவிடுங்கள். சிறு குழந்தைகளோடும் பெரிய பெட்டிகளோடும் இதில் ஏற வேண்டாம்.

விடியலில்: பூச்சந்தையிலிருந்து சீன நகரம் வரை ஒரே நடை

ஒரே ஒரு காலைப்பொழுதுதான் இருக்கிறது என்றால் நான் சொல்லும் வழி இதுதான். சனம் சாய் சுரங்கரயில் நிலையத்தில் காலை ஆறு மணி வாக்கில் இறங்குங்கள். சிறிது தூரம் நடந்தால் பாக் க்ளொங் தலாத் பூச்சந்தை. இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் சந்தை இது. நள்ளிரவிலிருந்து விடியல் வரைதான் உச்சம். செண்டுமல்லி மூட்டை மூட்டையாக இருக்கும். மல்லிகை மொட்டை ஊசியில் கோத்து, நுனியில் ரோஜா வைத்து, உள்ளங்கை அளவு மாலையாக்குவார்கள். தாமரை மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக உள்பக்கம் மடித்துக்கொடுக்கும் பெண்களின் விரல் வேகத்தைப் பார்க்கவே போகலாம். பூவோடு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சந்தை அந்நியமாகவே தெரியாது. படம் எடுக்கும் முன் ஒரு புன்னகையோடு அனுமதி கேளுங்கள். சின்ன மாலை ஒன்று வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. சுமைவண்டி தள்ளுபவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நில்லுங்கள், அவர்களுக்கு அது வேலை நேரம்.

அங்கிருந்து கிழக்கே பத்து நிமிட நடையில் பாஹுரத். சீக்கிய வணிகர்கள் துணிக்கடை வைத்து வளர்த்த பகுதி. தங்கக் கும்பத்தோடு குருத்வாரா தெரியும். சேலைத் துணி, சரிகை, கல்யாண அலங்காரப் பொருள் எல்லாம் கிடைக்கும். நம்மூரிலிருந்து போகிறவர்கள் இதையெல்லாம் வாங்க அங்கே போக வேண்டியதில்லை. ஆனால் சைவர்களுக்கு வயிறாரச் சாப்பாடு கிடைக்கும் இடம் என்பதால் காலை உணவுக்கு இங்கே நிறுத்துங்கள்.

எதிர்ச்சாலையைக் கடந்ததும் சாம்பெங் சந்து தொடங்கும். 1782இல் தாய்லாந்து அரசர் முதலாம் ராமர் இங்கே தலைநகரை அமைத்தபோது, அரண்மனைக்காகத் தேர்ந்த இடத்தில் இருந்த சீன வணிகர்களைக் கிழக்கே நகரச் சொன்னார்கள். அவர்கள் வந்து அமர்ந்த இடம்தான் இது. இருவர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் அகலம். அதிலேயே தள்ளுவண்டியும் மோட்டார் சைக்கிளும் வரும். பின்னால் சத்தம் கேட்டால் கடைக்குள் ஒதுங்குங்கள். பொத்தான், ரிப்பன், மணி, முடிக்கிளிப், சாவிக்கொத்து, ஒட்டுப்படம், பரிசுத்தாள் என்று எல்லாமே டஜன் கணக்கில்தான். ஒன்று மட்டும் கேட்டால் கொடுக்கவும் செய்வார்கள், விலை ஏறும். ஊரில் பத்துப் பேருக்குச் சின்னச் சின்னப் பரிசு வாங்க வேண்டுமா? நகரத்தில் வேறு எங்கும் தேட வேண்டாம், ஒரு டஜன் கட்டை இங்கே எடுத்துவிடுங்கள். காலை எட்டரை, ஒன்பதுக்குக் கடைகள் திறந்ததும் நுழைந்தால் பதினொன்றுக்குள் வெளியே வந்துவிடலாம். அதற்குப் பிறகு சந்து நெரியும்.

சந்துக்கு இணையாக ஓடுவது யாவோராத் சாலை; சிவப்பு முகப்பு வைத்த தங்கக் கடைகள் வரிசையாக இருக்கும். நம் மக்களுக்கு இங்கே கால் தானாக நிற்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தாய்லாந்தில் தங்கத்தின் எடைக்கும் பாட் என்றுதான் பெயர். ஒரு பாட் நகை 15.16 கிராம், அதாவது நம் இரண்டு பவுனைவிடச் சற்றுக் குறைவு. கட்டித் தங்கமானால் 15.244 கிராம். கால் பாட்டுக்கு சலுங் என்பார்கள். தரம் 96.5 சதவீதம், நம் 22 காரட்டின் 91.6ஐவிட மேல். அதனால் நகை மஞ்சள் பளபளப்பாக இருக்கும், சற்றே மிருதுவாகவும் இருக்கும். ஒவ்வொரு கடையிலும் அன்றைய விற்கும் விலை, வாங்கும் விலை இரண்டையும் பலகையில் போட்டிருப்பார்கள். கடைக்குக் கடை பெரிதாக மாறாது. பேரம் பேச இடம் உள்ளது செய்கூலியில்தான். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்புகிற இந்தியர்களுக்கே தங்க நகைக்கு வரிவிலக்கு. சில நாள் சுற்றுலாவுக்குப் போய் வாங்கி வருகிறவர் அறிவித்து வரி கட்ட வேண்டும். அந்த வரியையும் செய்கூலியையும் கூட்டினால் பெரும்பாலும் லாபம் நிற்காது. பார்த்து ரசித்துவிட்டு வாட் மங்கோன் நிலையத்தில் ரயில் ஏறுங்கள். யாவோராத்தின் தெருச்சாப்பாடு மாலை இருட்டிய பிறகுதான் சூடுபிடிக்கும். அதற்கு வேறொரு நாள் திரும்பி வரலாம்.

ப்ராத்துனாம்: துணிக்கு வந்தவர்கள் இங்கே

தி.நகர் ரங்கநாதன் தெருவை அடுக்குமாடியாக்கிக் குளிரூட்டியது போல இருக்கும் ப்ராத்துனாமின் மொத்தவிலைக் கட்டடங்கள். சிட் லோம் மேல்ரயில் நிலையத்திலிருந்து மேல்நடைபாதை வழியாக நடந்தே போகலாம். விமான நிலைய ரயிலில் வருகிறவர்களுக்கு ராச்சப்ராரோப் நிலையம் பக்கம். கால்வாய்ப் படகுக்கும் இங்கே துறை உண்டு.

பையோக் கோபுரத்தைச் சுற்றிய சந்துகளிலும் நடைபாதைகளிலும் விடியும் முன்பே வியாபாரம் தொடங்கிவிடும். பல நாடுகளிலிருந்தும் வரும் சிறு வியாபாரிகள் மூட்டை கட்டுவது அந்த நேரத்தில்தான். வெயில் ஏறியதும் பிளாட்டினம் மாலுக்குள் நுழையுங்கள். அங்கே மிக முக்கியமான விதி, மூன்று எடுத்தால் மொத்தவிலை. ஒன்றுக்கு ஒரு விலை, மூன்றுக்கு வேறு விலை என்று அட்டையில் எழுதியிருப்பார்கள். பல கடைகளில் மூன்றும் ஒரே நிறமாகவோ ஒரே அளவாகவோ இருக்கத் தேவையில்லை; அதே கடையில் மூன்று இருந்தால் போதும். தோழிகள் மூவர் சேர்ந்து போனால் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு மொத்தவிலையில் வரலாம்.

போட்டுப்பார்க்க விடமாட்டார்கள், மாற்றியும் தரமாட்டார்கள். ஃப்ரீ சைஸ் என்று தொங்குவது மெலிந்த உடலுக்கானது. வீட்டில் உங்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு உடுப்பின் மார்பு, இடுப்பு, நீள அளவுகளைக் குறித்துக்கொண்டு, சின்ன அளவு நாடா ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தையல், ஜிப், கைக்குழி மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். பிடித்த கடையின் எண்ணையும் தளத்தையும் உடனே படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தேடினால் எல்லாக் கடையும் ஒன்றுபோலவே இருக்கும்.

நண்பகலுக்கு மால்கள்

பதினொன்று முதல் நான்கு வரை வெயிலுக்கு ஒதுங்க சியாம் பகுதி. மேல்ரயிலின் இரண்டு தடங்களும் சந்திக்கும் இடம் இது. நேஷனல் ஸ்டேடியம் நிலையத்திலிருந்து சிட் லோம் வரை தரையைத் தொடாமலே மேல்நடைபாதைகளில் நடந்து மால்விட்டு மால் போகலாம். 1973இல் வந்த சியாம் சென்டரில் உள்ளூர் வடிவமைப்பாளர்களின் உடைகளைப் பாருங்கள். உலகெங்கும் உள்ள பிராண்டுகளை விட்டுவிட்டு அங்கே நேரம் செலவிடுவது வீண்போகாது. 1985இல் திறந்த எம்.பி.கே.யில் கைப்பேசி, உதிரிப்பாகம், பை, நினைவுப்பொருள் கடைகள் நெருக்கமாக இருக்கும், அங்கே பேரம் உண்டு. அங்கு தொங்கும் பிராண்டு பெயர் போட்ட போலிகளைத் தொடாதீர்கள். சுங்கத்தில் பறிபோகும் பொருளுக்குப் பணம் கொடுப்பானேன்? 2005இல் வந்த சியாம் பாரகன், அதற்கப்பால் சென்ட்ரல் வேர்ல்ட் இரண்டும் வேடிக்கை பார்க்க, குளிர்ந்துகொள்ள. ராச்சப்ரசோங் சந்திப்பில் இறங்கினால் 1956இல் நிறுவிய எராவான் பிரம்மா சன்னிதியில் அலுவலகம் போகிறவர்கள் மாலையோடு நிற்பதைப் பார்க்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு மால்களின் உணவுக்கூடம்தான் சிக்கனம். அசோக் நிலையத்தை ஒட்டிய டெர்மினல் 21இன் கூடம் விலை குறைவுக்குப் பேர்பெற்றது. முகப்பில் பணம் கொடுத்து அட்டை வாங்கி, வேண்டிய கடையில் கொடுத்துச் சாப்பிட்டு, மீதியை அதே நாளில் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். சைவர்கள் மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் இருக்கும் ஜே அடையாளத்தைத் தேடுங்கள். வெறும் காய்கறி என்று சொன்னால் மீன் சாற்றை ஊற்றித் தந்துவிடுவார்கள். "கின் ஜே" என்றால் புரிந்துகொள்வார்கள்.

ஆற்றின் மறுகரையில் 2018இல் திறந்த ஐகான் சியாமுக்கு மாலை நேரம் நல்லது. அதன் தரைத்தளத்தில் தாய்லாந்தின் பல மாகாணங்களின் தின்பண்டங்களையும் கைவினைகளையும் கூட்டியிருக்கிறார்கள். ராச்சபுரியிலுள்ள தம்னொன் சதுவாக் மிதக்கும் சந்தைக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் போக நேரமில்லாத பெரியவர்களை இங்கே கூட்டிவரலாம்.

சாத்துசாக்: அரை நாள், ஒரு திட்டம்

1982இல் சனம் லுவாங் திடலிலிருந்து இங்கே இடம்பெயர்ந்த சந்தை. 27 பிரிவுகள், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். சனி, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே இருங்கள். பத்தரைக்கு மேல் தகரக்கூரை கொதிக்கத் தொடங்கும். மேல்ரயிலில் மோ சித் நிலையத்தில் இறங்கி எல்லாரும் போகும் வழியில் போனால் கூட்டத்தோடு தள்ளாட வேண்டும். சுரங்கரயிலில் கம்பெங் பெத் நிலையத்தில் இறங்கி இரண்டாம் வாயிலில் ஏறினால் நேரே கடைகளுக்கு நடுவில் வெளிவரலாம்.

உள்ளே போனதும் முதலில் நடுவிலுள்ள மணிக்கூண்டைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் யாராவது பிரிந்தால் கூடும் இடம் அது. பிரிவு எண்ணும் சந்து எண்ணும் தலைக்கு மேலே எழுதியிருக்கும். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். பீங்கான், ஓவியம், பழைய உடைகள், கைவினை இவற்றில் இரண்டைத் தேர்ந்துகொண்டு அந்தப் பிரிவுகளுக்குள் மட்டும் நிதானமாக நடங்கள். ப்ராத்துனாமில் ஆயிரம் படி அச்சடித்த சட்டை கிடைக்கும். இங்கே தானே வரைந்து தானே விற்கும் ஓவியர்களையும், தன் கையால் தைத்த பையை விற்கும் இளைஞர்களையும் நேரில் பார்க்கலாம். உங்கள் பணம் அவர்களுக்குப் போகட்டும். செல்லப்பிராணிப் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள்: காட்டுயிர்களின் கள்ள விற்பனைக்காக அதிகாரிகள் பலமுறை சோதனையிட்ட இடம், கூண்டுகளின் நெருக்கம் மனதை வருத்தும்.

புத்தர் சிலை பிடித்திருந்தால் கவனம். புத்தர் உருவங்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். விற்பவர் அதைச் சொல்லாமலும் விடலாம்.

பசித்தால் சாலைக்கு அப்பால் ஒ தோ கோ. உழவர் பொருள்களுக்கான அரசுச் சந்தை இது, பளிங்காகத் துடைத்து வைத்திருப்பார்கள், விலை கூடுதல். மே, ஜூனில் போனால் மொந்தோங் துரியனையும் மங்குஸ்தானையும் அங்கேயே உரித்துச் சாப்பிட்டுவிடுங்கள். ரயிலிலும் பெரும்பாலான விடுதிகளிலும் துரியனை அனுமதிக்க மாட்டார்கள்.

பேரம்

விலை அட்டை ஒட்டிய மால் கடையில் கேட்க வேண்டாம். சந்தைக் கடைகளில் பத்து, இருபது சதவீதம் குறைத்தால் நல்ல பேரம். பாதி விலைக்குக் கேட்பது இங்கே மரியாதைக் குறைவு. "தாவ் ராய்" என்று விலை கேளுங்கள், "லொட் டாய் மை" என்று குறைக்கக் கேளுங்கள். முடிவில் ஆண்கள் "க்ரப்", பெண்கள் "கா" சேர்க்க வேண்டும். கால்குலேட்டரை நீட்டுவார்கள், நீங்களும் எண்ணைத் தட்டிக் காட்டலாம். குரல் உயர்ந்த நொடியில் பேரம் முடிந்தது. சிரித்த முகத்துக்குத்தான் விலை இறங்கும்.

காலையில் முதல் ஆளாகப் போவதில் இன்னொரு நன்மை. போணி அங்கேயும் உண்டு. முதல் விற்பனைப் பணத்தை வாங்கியதும் கடைக்காரம்மா அந்தத் தாளால் மற்ற சரக்கையெல்லாம் தட்டிவிடுவார். அந்த நேரத்தில் விலையை விட்டுக்கொடுக்க மனம் வரும். ஆனால் போணி நேரத்தில் பேசிப் பேசி விலை படிந்த பிறகு வாங்காமல் நகர்ந்துவிடாதீர்கள். அந்த வருத்தம் நமக்குத் தெரிந்ததுதானே.

தாய்லாந்து நோட்டில் அரசர் படம் இருக்கும். கீழே விழுந்த தாளைக் காலால் மிதித்து நிறுத்தக் கூடாது. காலை எட்டு, மாலை ஆறு மணிக்குத் தேசிய கீதம் ஒலிக்கும்போது சந்தையில் நடப்பவர்கள் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள்.

இரவுச் சந்தைகளும் ஏமாற்றுகளும்

இரவுச் சந்தைகள் குத்தகை நிலத்தில் நடப்பவை, இடம் மாறிக்கொண்டே இருக்கும். பேர்பெற்ற ராச்சடா ரயில் சந்தை 2021இல் மூடியது. பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போகாமல், விடுதியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அங்கே சாப்பிடப் போவதுதான் சரி, பொருளுக்கு மற்ற இடங்களே மேல். மின்சிகரெட் விற்றால் வாங்காதீர்கள், இந்த நாட்டில் அது சட்டவிரோதம்.

அரண்மனைப் பக்கம் ஒருவர் வந்து, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, அரசு ரத்தினக் கல் விற்பனை நடக்கிறது, டுக்டுக்கில் மலிவாகக் கூட்டிப்போகிறேன்" என்றால் சிரித்துவிட்டு நடங்கள். பல ஆண்டுகளாக நடக்கும் மோசடி. கல் வாங்குவதென்றால் சீலோம், மஹேசக் பகுதியில், கல் வியாபாரத்தில் ஊறிய தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் உள்ள தெருக்களில், பரிசோதனைச் சான்றோடு வாங்க வேண்டும். கல்லைப் பார்த்துத் தரம் சொல்லத் தெரியாதவர்கள் வாங்காமல் இருப்பதே மேல். சீலோமிலேயே 1879இல் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. தாய்லாந்து மக்களும் திரளாக வந்து தேங்காயும் பூவும் வாங்குவார்கள். ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் சுற்றுலாக் காவல் எண் 1155.

திரும்பும் நாள்

மால்களில் ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 பாட்டுக்கு மேல் வாங்கினால் 7 சதவீத மதிப்புக்கூட்டு வரியில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். பணம் கட்டும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டி வரித்திருப்பப் படிவம் கேட்க வேண்டும். பிறகு கேட்டால் தரமாட்டார்கள். வாங்கிய 60 நாட்களுக்குள் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே சுங்க முகப்புக்குப் போங்கள், பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டியிருக்கும். ஒரே மாதிரி சட்டை ஐம்பது வாங்கியிருந்தால் அது சொந்த உபயோகச் சாமானாக இந்தியச் சுங்கத்தில் எடுபடாது. ரசீதோடு வணிகச் சரக்காகவே அனுப்புங்கள். கறிப் பசை, சாஸ் புட்டி, ஊறவைத்த பழம் எல்லாம் கைப்பையில் ஏறாது, பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கட்டுங்கள்.